ஒன்றைச் சுட்டால் மற்றவை கரையுமா?

தமிழ்நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைப்பது'. மார்பகம், கருப்பைவாய், தொண்டை என்று எந்தப் புற்றுநோயானாலும் ஏதோ ஒரு கட்டத்தில் கரண்ட் வைக்கும் பேச்சு வந்துவிடும். சிறுநீரகப் புற்றுநோய்க்காரர்கள் மட்டும் அந்தப் பேச்சை அதிகம் கேட்டதில்லை. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் அறுவை சிகிச்சை. நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் மருந்து. எலும்பு வலி தாங்க முடியாமல் போனால் வலிக்காக மட்டும் சில நாள் கரண்ட். 'சிறுநீரகக் கட்டி கதிருக்கு மசியாது' என்பது தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்த பாடம்.

அந்தப் பாடம் பொய்யல்ல, பாதி உண்மை. வழக்கமான கதிர்வீச்சில் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் ஐந்தாறு வாரம் கொடுப்பார்கள். கிரே என்பது திசு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம், சுற்றியிருக்கும் நல்ல செல்கள் இரவுக்குள் தங்கள் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும், புற்றுச் செல்களால் அது அவ்வளவு எளிதில் முடியாது என்ற கணக்கு. சிறுநீரகப் புற்றில் அந்தக் கணக்கு உதைத்தது. அதன் செல்களும் சிறு சூட்டைத் தாங்கி மறுநாளைக்குள் தேறிக்கொண்டன. சிறுகச் சிறுகச் சுட்டவரை கட்டி அசையவில்லை. ஒரே அடியாகச் சுட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கான கருவி இல்லை. உடலுக்குள் மூச்சோடு ஏறி இறங்கும் ஒரு கட்டியின் மேல் அவ்வளவு கதிரைக் குறிதவறாமல் கொட்ட அன்று வழியில்லை.

மூளைக்கு மட்டும் வழி இருந்தது. மண்டையோடு அசையாது. ஸ்வீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் தலையை ஒரு சட்டத்தில் பூட்டி, பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்கும் முறையை எழுதிவைத்தார். நாற்பது வருடம் கழித்து அதே நாட்டில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், இங்மார் லாக்ஸ் என்ற இயற்பியலாளரும் ஹென்ரிக் புளோம்கிரென் என்ற மருத்துவரும் அதைத் தலைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நோயாளி படுக்க உடலளவில் ஒரு சட்டம், வயிற்றை அழுத்தி மூச்சின் வீச்சைக் குறைக்க ஒரு தகடு. அவர்கள் முதலில் சுட்ட கட்டிகளில் சிறுநீரகப் புற்றின் பரவல்களும் இருந்தன. பாடப்புத்தகத்தில் மசியாத கட்டி அங்கே மசிந்தது. 2005இல் வெளிவந்த அவர்களின் கணக்கில், சுட்ட கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதே இடத்தில் மீண்டும் வளரவில்லை.

இன்று இந்தச் சிகிச்சை நடக்கும் அறைக்குள் போனால் பார்ப்பதற்குப் பெரிய ஆரவாரம் இருக்காது. நோயாளியின் முதுகின் அச்சாகவே வார்த்த, காற்று உறிஞ்சி இறுக்கிய ஒரு மெத்தை. தோலில் மூன்று சிறு புள்ளிகள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அவற்றின் மேல் விழ வேண்டும். சிகிச்சைக்குச் சில நாள் முன்பே எடுத்த சி.டி. ஸ்கேன், மூச்சின் ஒவ்வொரு நிலையிலும் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். நுரையீரலின் அடிப்பகுதியில் இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாக மேலும் கீழும் போய்வரும். கரண்ட் வைப்பதற்கு முன் மேசையிலேயே இன்னொரு ஸ்கேன். பழைய படமும் புதிய படமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றப்படும். இரண்டு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தால் வெளியே இருப்பவர் ஒரு பொத்தானைத் தட்டுவார். மேசை தானாக அந்த இரண்டு மில்லிமீட்டர் நகரும். பிறகு கனத்த கதவு மூடும். இயந்திரம் நோயாளியைச் சுற்றி வரும். வலியும் கிடையாது, சூடும் தெரியாது. வழக்கமான முறையில் பத்து நாளில் சேரும் 20 கிரேயை ஒரே அமர்வில் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

கதிரின் கதை இவ்வளவு. அதோடு வந்து சேர்ந்த இன்னொரு கதை இதைவிடப் பழையது, இதைவிட விசித்திரமானது. கட்டி வந்த சிறுநீரகத்தை எடுத்த பிறகு, யாரும் தொடாத நுரையீரல் பரவல்கள் தாமாகவே மறைந்துபோன நோயாளிகளைப் பற்றி 1920களிலிருந்தே மருத்துவ ஏடுகள் எழுதிவந்தன. நூற்றில் ஒருவருக்குக்கூட நடக்காத விஷயம். ஆனால் வேறு பெரும்பாலான புற்றுகளில் அந்த அளவுக்குக்கூட நடப்பதில்லை. உடலின் நோயெதிர்ப்புப் படைக்கு இந்தக் கட்டியை எங்கேயோ அடையாளம் தெரிகிறது என்ற சந்தேகம் அப்படித்தான் பிறந்தது. அந்தப் படையை உசுப்பிவிடும் இன்டர்லூகின்-2 என்ற மருந்துக்கு 1992இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கொடூரமான மருந்து, ரத்தக்குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் விழும், தீவிர சிகிச்சைப் பிரிவின் கவனிப்பு தேவைப்படும். பெரும்பாலோருக்குப் பலன் இல்லை. ஆனால் நூற்றில் ஐந்து முதல் ஏழு பேருக்குக் கட்டிகள் முழுதாக மறைந்தன, அவர்களில் பலருக்குத் திரும்பி வரவே இல்லை. அந்த ஐந்தாறு பேருக்காகத்தான் பல ஆண்டுகள் அந்த மருந்தைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

அதன் பின் வந்தவை, படையை உசுப்புவதற்குப் பதிலாக அதன் கடிவாளத்தைத் தளர்த்தும் மருந்துகள். அந்தப் படையைச் சேர்ந்த டி செல்களின் மேல் இருக்கும் பிடி-1 என்ற கடிவாளத்தைப் பற்றிக்கொள்ளும் நிவோலுமாப், 2015இல் வெளியான ஆய்வில், முந்தைய மருந்து கைவிட்ட நோயாளிகளின் சராசரி ஆயுளை 19.6 மாதத்திலிருந்து 25 மாதமாக்கியது. 2018இல் அதோடு இபிலிமுமாப் என்ற இன்னொரு கடிவாள மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் முற்றிய நிலையில் வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, 9 சதவீதம் பேருக்கு முழுதாக மறைந்தது. ஒப்பிடுவதற்காக எதிரே வைத்த சுனிடினிப் என்ற மாத்திரையில் மறைந்தது 1 சதவீதம். பரவிய சிறுநீரகப் புற்று இப்படித்தான் 'சில மாதங்கள்' என்ற நிலையிலிருந்து 'சில ஆண்டுகள்' என்ற நிலைக்கு நகர்ந்தது. எல்லோருக்கும் அல்ல.

ஆக ஒரு கையில் குறிதவறாத கதிர். மறு கையில் கடிவாளம் தளர்ந்த படை. இரண்டையும் சேர்த்தால் என்ன? இந்தக் கேள்விக்கு ஒரு மயக்கும் விடை ஏற்கெனவே காத்திருந்தது. 1953இல் ஆர். எச். மோல் என்ற பிரிட்டிஷ் கதிரியல் அறிஞர், உடலின் ஓரிடத்தில் பட்ட கதிர் எட்டாத இன்னோரிடத்தில் விளைவு காட்டுவதற்கு லத்தீன் வேர்களிலிருந்து 'அப்ஸ்கோபல்' என்று பெயர் சூட்டினார். குறிக்கு அப்பால் நிகழ்வது என்று பொருள். அரை நூற்றாண்டுக்கு அது ஓர் அபூர்வச் செய்தியாகவே கிடந்தது. கரோலின்ஸ்காக்காரர்கள் 2006இல் ஒரு சிறு கட்டுரை போட்டார்கள்: அவர்கள் கவனித்துவந்த 28 சிறுநீரகப் புற்று நோயாளிகளில் 4 பேருக்கு, கதிரே படாத பரவல்கள் சுருங்கியிருந்தன. 2012இல் நியூயார்க்கிலிருந்து மெலனோமா என்ற தோல் புற்று நோயாளி ஒருவரின் கதை வந்தது. இபிலிமுமாப் எடுத்தும் நோய் வளர்ந்துகொண்டிருந்தது. முதுகெலும்பை ஒட்டிய ஒரு கட்டிக்கு வலிக்காகக் கதிர் கொடுத்தார்கள். கதிர் படாத மற்றவையும் கரைந்தன. ஒரே ஒரு நோயாளி. ஆனால் அதன் பின் வந்த பல ஆய்வுகளுக்கு அந்த ஒருவரின் ஸ்கேன் தூண்டுதலானது.

மயக்கத்துக்கு அறிவியல் ஆதாரமும் கிடைத்தது, அழகான ஆதாரம். செல்லின் டி.என்.ஏ. கருவுக்குள்தான் இருக்க வேண்டும். கதிர் பட்டு உடையும்போது துணுக்குகள் கருவை விட்டு வெளியே சிந்துகின்றன. வெளியே டி.என்.ஏ.யைக் கண்டால் செல் அதை வைரஸ் என்று எடுத்துக்கொள்ளும். வைரஸைக் கண்டுபிடிப்பதற்கென்றே செல்லுக்குள் ஒரு காவல் புரதம் இருக்கிறது. அது மணியடிக்கிறது, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் கிளம்புகிறது, ரோந்து செல்கள் கட்டியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. கதிர் பட்ட கட்டி, தானே தனக்கு எதிரான தடுப்பூசியாகிவிடுகிறது. இதில் ஒரு சிக்கல் 2017இல் எலிகளிலும் செல் வளர்ப்பிலும் தெரியவந்தது. ஒரு அமர்வில் கதிர் 12 முதல் 18 கிரேயைத் தாண்டினால், சிந்திய துணுக்குகளைத் துடைத்தெடுக்கும் இன்னொரு புரதம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மணி அடிப்பதற்குள் தடயம் போய்விடும். 8 கிரே வீதம் மூன்று முறை கொடுத்தால் மணி நன்றாக அடித்தது. கட்டியைக் கொல்ல ஏற்ற அளவு வேறு, படையை எழுப்ப ஏற்ற அளவு வேறு என்றுதானே இதற்கு அர்த்தம்? இரண்டு வேலையையும் ஒரே அளவு செய்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம்.

மனிதர்களிடம் சோதித்தபோது தொடக்கம் பிரமாதமாக இருந்தது. 2012இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இன்டர்லூகின்-2க்கு முன்னால் சில கட்டிகளைச் சுட்டுப் பார்த்தார்கள். 12 பேரில் 8 பேருக்குப் பலன். அந்த மருந்துக்கு அது கேள்விப்படாத எண். பிறகு அதையே மெலனோமாவில் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் செய்தபோது வித்தியாசம் உறுதிப்படவில்லை, ஆயுளும் கூடவில்லை. சிறுநீரகப் புற்றில் டல்லாஸ் மருத்துவர்கள் அதே சேர்க்கையைச் செய்தபோது பலன் கண்டவர்கள் 16 சதவீதம் மட்டுமே.

நிவோலுமாபுடன் நடந்த கதையும் ஏறக்குறைய அதே. இத்தாலியில் 'நைவ்ஸ்' என்ற ஆய்வில் 69 நோயாளிகள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நிவோலுமாப், முதல் ஊசி போட்ட ஒரு வாரத்தில் ஒரே ஒரு பரவலுக்கு 10 கிரே வீதம் மூன்று முறை. எலிகளில் மணியடித்த அளவுக்கு வெகு தூரத்தில் இல்லை. பலன் விகிதத்தை 25லிருந்து 40 சதவீதத்துக்கு உயர்த்துவது குறிக்கோள். 2022இல் முடிவு வந்தபோது கிடைத்தது 17. கதிரே இல்லாமல் நிவோலுமாப் 2015 ஆய்வில் எட்டியது 25. மாறாக, அமெரிக்காவில் 25 பேர் மட்டுமே சேர்ந்த 'ராட்வாக்ஸ்' ஆய்வில், நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டோடு ஒன்றிரண்டு பரவல்களைச் சுட்டபோது 56 சதவீதம் வந்தது. கதிர் இல்லாத 2018 ஆய்வின் 42ஐவிடக் கூடுதல்தான். 25 பேரில் அந்த வித்தியாசம் மூன்று நான்கு ஆட்களின் ஸ்கேனில் அடங்கிவிடும்.

இதைக் கதிரின் தோல்வி என்று நான் படிக்கவில்லை. ஒரு கட்டி மற்ற கட்டிகளுக்குப் பிரதிநிதி என்று வைத்துக்கொண்டதன் தோல்வியாகத்தான் படிக்கிறேன். இப்படிச் சந்தேகப்படக் காரணம் சிறுநீரகப் புற்றிலிருந்தே கிடைத்திருந்தது. 2012இல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டனின் குழு, நான்கு நோயாளிகளின் கட்டிகளையும் பரவல்களையும் பல இடங்களில் வெட்டி எடுத்து, ஒவ்வொரு துண்டின் மரபணுக்களையும் தனித்தனியாகப் படித்தது. ஒரே நோயாளிக்குள், ஒரு துண்டில் கண்ட மரபணுப் பிழைகளில் 63 முதல் 69 சதவீதம் எல்லாத் துண்டுகளிலும் இல்லை. ஒரே தாய்க் கட்டியிலிருந்து கிளம்பினாலும், வழியிலேயே கிளைகள் பிரிந்து தனித்தனிக் குணம் பெற்றுவிடுகின்றன. நுரையீரலில் இருக்கும் ஒன்றின் முகத்தைப் படைக்குக் காட்டிவிட்டு, கல்லீரலில் இருக்கும் இன்னொன்றைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் எப்படி? முகம் ஒத்துப்போனால் பிடிக்கும். கரோலின்ஸ்காவின் அந்த 28 பேரில் 4 பேருக்கு ஒத்துப்போயிருக்கலாம்.

மெல்போர்னில் ஷங்கர் சிவா தலைமையில் நடந்த 'ரப்போர்ட்' ஆய்வு வேறு கணக்கில் இறங்கியது. ஐந்துக்கு மிகாத பரவல்கள் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒன்றைச் சுட்டு மற்றவை கரையக் காத்திருக்கவில்லை. இருப்பவை எல்லாவற்றையும் சுட்டது. முடிந்த இடத்தில் எல்லாம் ஒரே அமர்வில் 20 கிரே. மணியடிக்கும் அளவல்ல, கொல்லும் அளவு. ஐந்து நாள் கழித்து, நிவோலுமாபைப் போன்ற பெம்ப்ரோலிசுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எட்டு ஊசி. கண்ணுக்குத் தெரிந்தவை கதிரின் பொறுப்பு; ஸ்கேனில் இன்னும் விழாத விதைகள் ஊசியின் பொறுப்பு. 30 நோயாளிகள், 83 கட்டிகள். இரண்டு ஆண்டு முடிவில் சுட்ட இடங்களில் 92 சதவீதம் அடங்கியே இருந்தது. ஓராண்டு வரை நோய் எங்கும் முன்னேறாமல் இருந்தவர்கள் 60 சதவீதம், ஈராண்டு வரை 45. கடுமையான பக்கவிளைவு 13 சதவீதம் பேருக்கு. உயிருக்கு ஆபத்தானது எதுவும் இல்லை. 

நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. ரப்போர்ட்டில் பலன் கண்டவர்கள் 63 சதவீதம் என்று தலைப்புகளில் வந்தது. எல்லாக் கட்டியையும் சுட்ட ஆய்வில் கட்டி சுருங்கினால், சுருக்கியது கதிரா ஊசியா என்று அந்த எண்ணை எப்படிப் பிரிப்பது? எதிரே ஒப்பிட இன்னொரு பிரிவும் கிடையாது. ஒப்பிட ஆசைப்பட்டால் ஹூஸ்டனில் 2021இல் வெளியான ஆய்வு கையருகில் இருக்கிறது. அங்கேயும் 30 பேர், அங்கேயும் ஐந்துக்கு மிகாத பரவல்கள், எல்லாவற்றுக்கும் கதிர். மருந்து மட்டும் எதுவுமே கொடுக்கவில்லை. ஓராண்டு நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 64 சதவீதம். இரண்டு ஊர் நோயாளிகள் ஒரே மாதிரி அல்ல, ரப்போர்ட்டில் ஏற்கெனவே மருந்து பார்த்துத் தோற்றவர்களும் உண்டு. அதனால் எண்களைப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஊசி சேர்ந்ததால்தான் நடந்தது என்று சொல்பவர் இந்த 64ஐத் தாண்டித்தான் பேச வேண்டும். ஐந்து பரவலோடு நிற்கும் புற்று பெரும்பாலும் இயல்பிலேயே மெதுவாக நகரும் புற்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கேள்வி சிறுநீரகத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. நோய் பரவிய பிறகும் தாய்க் கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய வழக்கத்தை 2018இல் பிரான்சின் 'கார்மெனா' ஆய்வு ஆட்டிவிட்டது; அறுவை செய்து சுனிடினிப் கொடுத்தவர்கள் 13.9 மாதமும், அறுவை இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் 18.4 மாதமும் சராசரியாக உயிரோடு இருந்தார்கள். இதனால் இன்று பலர் தாய்க் கட்டி உள்ளேயே இருக்க மருந்து எடுக்கிறார்கள். பெரிய கட்டி படையை மந்தமாக்கும் சரக்குகளைச் சுரந்துகொண்டே இருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. கத்தி வைக்காமல் அதை அடக்கக் கதிரால் முடியும். சிறுநீரகத்துக்குள்ளேயே நின்ற புற்றுக்கு அறுவைக்குப் பதில் இதே கதிரைக் கொடுத்த 'ஃபாஸ்ட்ராக்-2' ஆய்வில், ஓராண்டில் 70 பேரில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் கட்டி திரும்பவில்லை. அமெரிக்காவில் 'சாமுராய்' என்ற பெயரில், சீட்டுக் குலுக்கி, ஒரு பிரிவுக்கு இம்யூனோதெரபி எனப்படும் இந்தக் கடிவாள மருந்துகள் மட்டும், மறு பிரிவுக்கு அதோடு சிறுநீரகத்துக்கும் கதிர் என்று ஆய்வு வகுத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய மதிப்பு, அங்கே குலுக்கும் அந்தச் சீட்டின் மேல்தான். முப்பது பேர் ஆய்வுகள் பத்து வந்தாலும் அது சொல்வதைச் சொல்லாது.

அதுவரை மருத்துவமனைகளில் இந்தச் சேர்க்கையில் நடக்கும் பெரும்பாலான வேலை வேறு வகை, யாரும் அதற்கு லத்தீன் பெயர் வைக்கவில்லை. ஒருவர் ஒன்றரை வருடமாக ஒரே மாத்திரையில் இருக்கிறார். நுரையீரல் கட்டிகள் ஆறும் அடங்கிக் கிடக்கின்றன. இந்த முறை ஸ்கேனில் இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பில் மட்டும் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. பழைய விதிப்படி மருந்து தோற்றுவிட்டது, மாற்ற வேண்டும். ஆனால் தோற்றது ஆறில் அல்ல, ஒன்றில். கனடாவில், மாத்திரையில் இருக்கும்போது இப்படிச் சில இடங்களில் மட்டும் நோய் தலைதூக்கிய 37 சிறுநீரகப் புற்று நோயாளிகளை எடுத்து, தலைதூக்கிய 57 இடங்களை மட்டும் சுட்டுவிட்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். ஓராண்டில் சுட்ட இடங்களில் 93 சதவீதம் அடங்கியிருந்தது. மருந்தை மாற்ற வேண்டி வந்தது சராசரியாக 12.6 மாதம் கழித்து. பரவிய சிறுநீரகப் புற்றில் கையில் இருக்கும் மருந்துகள் ஐந்தாறு வரிசைதான். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் புதிதாக இருக்கும். அந்த வரிசையில் அடுத்த டப்பாவைத் திறக்காமல் ஒரு வருடம் கழிவது அப்ஸ்கோபல் அல்ல, சும்மா நல்ல சிக்கனம். முள்ளெலும்புக்கான மூன்றாவது அமர்வு முடிந்த அன்று இரவும் அந்த நோயாளி அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்.